வெளிநாட்டு வீரர்களை டிவிஷன் 1 பாஸ்கெட்பால் அணிக்கு எடுக்கும்போது எங்கே மாட்டும்?

பேஸ்லைன்_கட்:

அமெரிக்காவில் ஒரு மிட்-மேஜர் (டிவிஷன் 1 என்ற மேல் நிலையில் ஆடும், ஆனால் பெரிய லீக்குகளில் இல்லாத) பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு ஆள் தேர்வு வேலை பார்க்கிறேன். அடுத்த சீசனுக்கு இரண்டு பேர் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவர் செர்பியர், 6 அடி 10 அங்குலம், சென்டர், 19 வயது. 15 வயதிலிருந்து ஸ்பெயினில் ஒரு கிளப்பில் இருக்கிறார், ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. இன்னொருவர் ஆஸ்திரேலியப் பாயிண்ட் கார்டு, போன நவம்பரில் 12ஆம் வகுப்பு முடித்தவர். ஹெட் கோச்சுக்கு இருவரையும் பிடித்துவிட்டது. எங்கள் அணியில் இதுவரை வெளிநாட்டவர் யாரும் ஆடியதில்லை. எந்தக் காகிதத்தை முதலில் கேட்பது? ஜூன் பயிற்சிக்கே ஆள் வந்து சேர முடியுமா? ஏஜென்ட் "எல்லாம் க்ளீன்" என்கிறார், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஷாட்கிளாக்30:

முதலில் ஒரு தேதியைக் கேளுங்க: பள்ளிப்படிப்பு எந்த மாதம் முடிந்திருக்க வேண்டும்? என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) விதிப்புத்தகத்தின் கணக்கு அங்கிருந்துதான் ஓடுது. பாஸ்கெட்பாலுக்கு அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷம் சலுகை. அதைத் தாண்டியும் கல்லூரியில் சேராமல் லீக் ஆடிக்கொண்டிருந்தால் வருஷத்துக்கு ஒரு சீசன் கழியும், சேர்ந்த பிறகு ஒரு வருஷம் பெஞ்சில் உட்கார வைக்கவும் இடமுண்டு. பையன் ஃபெயிலாகி ஒரு வருஷம் கூடுதலாகப் படித்திருந்தாலும், அந்த நாட்டு வழக்கப்படி எப்போது முடித்திருக்கணுமோ அதுதான் எடுபடும்.

விலக்கு மனுவும் கோர்ட் வழக்குமாக இந்த விதி இப்போது ரொம்பவே தளர்ந்திருக்கு என்பது உண்மை. 2023 என்பிஏ டிராஃப்டில், அதாவது தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில், 31ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட ஜேம்ஸ் நாஜிக்கு, பார்சிலோனாவில் ஆடியவருக்கு, 2025 டிசம்பரில் பேலர் பல்கலைக்கழக அணியில் 4 வருஷத் தகுதியே கிடைத்தது. ஆனா அதை நம்பி அணிப் பட்டியல் போடாதீங்க. இந்த வருஷத்து நிலை என்ன என்பதை உங்க கம்ப்ளையன்ஸ் (விதி இணக்கம் பார்க்கும்) ஆளிடம் எழுத்தில் வாங்கி வச்சுக்கோங்க.

ஆஸ்திரேலியப் பையன் விஷயம் சுலபம். நவம்பரில் பள்ளி முடித்து, அடுத்த ஆகஸ்டில் சேர்ந்தால் சலுகைக் காலத்துக்குள்ளேயே வந்துடுவார். இடையில் ஆஸ்திரேலிய லீக்கான என்பிஎல்1 ஆடுவார், அது ஆகஸ்ட் வரை போகும். ஃபைனல்ஸ் முடித்துவிட்டுத்தான் வருவேன்னு கிளப்பும் பையனும் சேர்ந்து சொல்வாங்க. எந்தத் தேதியில் விமானம் என்பதை இப்பவே பேசி முடிச்சிடுங்க.

செர்பியருக்குத்தான் வேலை அதிகம். 9ஆம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருஷத்து மதிப்பெண் பட்டியலும் மூல மொழியில் வேணும், கூடவே வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும். செர்பியாவில் ஆரம்பப் பள்ளி 8 வருஷம். 15 வயதில் நாடு மாறியிருப்பதால் இரண்டு நாட்டுப் பள்ளிகளிலிருந்து காகிதம் வரவழைக்கணும். ஸ்பெயினில் பாச்சில்யெராத்தோ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மேல்நிலைப் படிப்பு) படித்தாரா, இல்லை கிளப் பயிற்சி நேரத்துக்கு வசதியா இருக்குன்னு தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்தாரா பாருங்க. இரண்டாவதாக இருந்தால் என்சிஏஏ கேட்கும் 16 கோர் (அடிப்படைப்) பாடங்கள் தேறுவது சந்தேகம்தான். பெரும்பாலும் இடிப்பது கணக்கும் அறிவியலும்: கணக்கு 3 வருஷம், அல்ஜீப்ரா 1 நிலைக்குக் குறையாமல், அறிவியல் 2 வருஷம். கோர் சராசரி 2.3. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை என்சிஏஏ 2023 ஜனவரியில் கைவிட்டாச்சு. ஆங்கிலத் தேர்வு கேட்பது உங்க அட்மிஷன் அலுவலகம், அது தனி வரிசை.

இன்னொன்று, செர்பியாவில் 5 தான் உச்ச மதிப்பெண், ஜெர்மனியில் 1 தான் உச்சம். பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்களே சராசரி போட்டு கோச்சிடம் சொல்லிடாதீங்க.

பிக்அண்ட்ரோல்:

ஷாட்கிளாக் சொன்னதோடு ஒப்பந்தத்தையும் அதே நாளில் கேளுங்கள். சுருக்கம் அனுப்புவார்கள், வாங்காதீர்கள். எல்லாப் பக்கமும், பின்னிணைப்போடு வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று: மாதா மாதம் கையில் வந்த பணம், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து, பைஅவுட் தொகை (ஒப்பந்தம் முடியும் முன் விடுவிக்க கிளப் கேட்கும் பணம்).

கல்லூரிக்கு முன் வாங்கிய பணத்தில் உண்மையான, அவசியமான செலவு எவ்வளவு என்பதுதான் என்சிஏஏ கேள்வி. வாடகை, சாப்பாடு, பயணம், மருத்துவம், பயிற்சி எல்லாம் அதில் சேரும். மிச்சம் இருந்தால் சிக்கல். 2010-11இல் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு வந்த எனெஸ் கான்டர் கதை தெரிந்ததுதான்: ஃபெனர்பாஷே கிளப்பிடம் செலவு போக 33,033 டாலர் கூடுதலாக வாங்கினார் என்று நிரந்தரமாகத் தகுதி நீக்கினார்கள். இன்றைக்கு அதே பிடிவாதம் கிடையாது, கல்லூரியே தன் விளையாட்டு வருமானத்திலிருந்து வீரருக்குப் பங்குப் பணம் தரும் காலம் இது. ஆனாலும் கோப்பு அதே கோப்புதான். வங்கி ஸ்டேட்மென்ட்டும் வாடகை ரசீதும் கையில் இல்லாவிட்டால் விசாரணை இழுக்கும், அதற்குள் சீசன் தொடங்கிவிடும். ஸ்வோனிமிர் இவிஷிச் கென்டக்கிக்காக முதல் ஆட்டம் ஆடியது 2024 ஜனவரி 20இல். அணி நவம்பரிலிருந்து அவர் இல்லாமல்தான் ஆடிக்கொண்டிருந்தது.

ஏஜென்ட் பேச்சு பற்றி: அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல ஏஜென்ட்களுக்கு கிளப்போடும் கணக்கு உண்டு. பள்ளிச் சான்றிதழைப் பள்ளியிலிருந்தே நேராக வரவழையுங்கள். வீரரோடு அவர் போட்டிருக்கும் ஒப்பந்தத்தையும் பாருங்கள். தொழில்முறை ஆட்டத்துக்கு இடம் பிடித்துத் தருவது என்று அதில் இருந்தால் அதை ரத்து செய்து, பெயர்-உருவ உரிமை (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தருவது) வேலைக்கு மட்டும் என்று புதிதாக எழுத வேண்டும். பைஅவுட்டை யார் கட்டுவது என்பதை வீரர் சரி சொல்லும் முன் தீர்த்துவிடுங்கள். ஜூலையில் கிளப் தலைவர் ஒரு புது எண்ணைச் சொன்னால் உங்களுக்கு ஓட இடமிருக்காது.

இதில் நம்பிக்கை வளர வருடக்கணக்காகும். கலிஃபோர்னியாவின் சிறிய செயின்ட் மேரிஸ் கல்லூரிக்கு பேட்டி மில்ஸும் மேத்யூ டெல்லவெடோவாவும் வந்தது அப்படி வளர்ந்த ஆஸ்திரேலியத் தொடர்பால்தான். உங்கள் பாயிண்ட் கார்டை நன்றாகக் கவனித்துக்கொண்டால் அடுத்தவரை அவருடைய பழைய கோச்சே அனுப்புவார்.

ஐ20_மேசை:

ஜூன் பயிற்சி கேள்விக்கு வருகிறேன். எஃப்-1, அதாவது மாணவர் விசாவில் வருபவர், ஐ-20 படிவத்தில் (சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தருவது) உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் நாட்டுக்குள் நுழைய முடியும். ஆகஸ்ட் 18 என்று போட்டிருந்தால் ஜூலை 19க்கு முன் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பலாம். ஜூனில் ஆள் வேண்டும் என்றால் கோடைக்கால வகுப்பில் சேர்த்து, அந்தத் தேதிக்கு ஐ-20 கொடுக்கச் சொல்லுங்கள். இதை உங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் மே மாதம் சொன்னால் நடக்காது, பிப்ரவரியிலேயே சொல்லுங்கள்.

வரிசை இப்படி: அட்மிஷன், உதவித்தொகைக் கடிதம், ஐ-20, செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) கட்டணம் 350 டாலர், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம், விசா கட்டணம் 185 டாலர், நேர்காணல். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ, குடியிருக்கும் நாட்டிலோதான் நேர்காணல். உங்கள் செர்பியருக்கு ஸ்பெயினில் குடியிருப்பு அட்டை இருந்தால் மாட்ரிட் போகலாம். அட்டை காலாவதியாகும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் "என்பிஏ போகத்தான் வருகிறேன்" என்று சொல்லும் பையன்கள் உண்டு. படிப்பு முடிந்ததும் திரும்புவேன் என்று நிரூபிக்க வேண்டிய விசா இது. எந்தப் பாடம் படிக்கப் போகிறோம் என்றாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

ஆப்பிரிக்காவில் ஆள் பார்ப்பதாக இருந்தால் முதல் கேள்வியே பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதுதான். 2025 ஏப்ரல் 5 அன்று தெற்கு சூடான் விசாக்கள் அத்தனையும் ரத்து என்று அறிவித்தபோது டியூக் பல்கலைக்கழகத்தின் தெற்கு சூடான் வீரர் கமான் மலுவாச் ஃபைனல் ஃபோரில் (கல்லூரி சாம்பியன்ஷிப்பின் கடைசி நான்கு அணிகள் சுற்று) ஆடிக்கொண்டிருந்தார். 2026 ஜனவரி 1 முதல் நைஜீரியா, செனகல் நாட்டவருக்கும் புதிய மாணவர் விசா தடைப்பட்டது.

இனி பணம். எஃப்-1இல் இருப்பவர் அமெரிக்க மண்ணில் கடை திறப்புக்குப் போவது, விளம்பரப் படப்பிடிப்பு, காசுக்குக் கையெழுத்து எல்லாமே அனுமதியில்லாத வேலை ஆகிவிடும். விசா நிலையே போகும். கென்டக்கியின் ஆஸ்கர் ஷிப்வே 2022 ஆகஸ்டில் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்து அந்த வேலைகளை முடித்தார். சட்டம் தெரிந்து செய்த ஏற்பாடு அது. பங்குப் பணத்தைப் பெயர்-உருவ உரிமக் கட்டணமாக எழுதுவது இப்போதைய வழக்கம். அதைக் கையெழுத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவர் படித்தே ஆக வேண்டும்.

வரியைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாட்டுக்கான உதவித்தொகையில் 14 சதவீதம் பிடிப்பார்கள். உரிமக் கட்டணத்தில் 30. செர்பியாவோடு வரி ஒப்பந்தம் இல்லாததால் குறைக்க வழியில்லை. "ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று சொல்லிக் கூட்டி வந்த பிறகு மாணவர் கணக்கில் பாக்கி நின்றால் அம்மா அப்பா உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ரிம்_காவல்:

எல்லாரும் காகிதமே பேசறீங்க, ஆட்டம் பத்தி ரெண்டு வார்த்தை. ஃபிபாவில் (சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பின் விதியில்) பந்து வளையத்தைத் தொட்ட பிறகு வளையத்து மேல இருந்தாலும் தட்டி விடலாம். கல்லூரியில் அது விதிமீறல், எதிரணிக்குப் பாயிண்ட். ஐரோப்பிய சென்டர்களுக்குக் கை அதுக்கே பழகியிருக்கும், முதல் மாசம் இதை மட்டுமே திருத்தணும். மூன்று பாயிண்ட் கோடு 2019-20லிருந்து ரெண்டு பக்கமும் 6.75 மீட்டர், அதனால ஷூட்டிங் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கலாம். 24 விநாடிக்குப் பதிலா 30, நாலு கால்பகுதிக்குப் பதிலா ரெண்டு பாதி.

18 வயசுப் பிரிவுல 20 பாயிண்ட் அடிச்ச வீடியோவை விட, சீனியர் இரண்டாம் டிவிஷன்ல 12 நிமிஷம் ஆடின முழு மேட்சைக் கேட்டு வாங்கிப் பாருங்க. ஹைலைட்ல யாரும் டிஃபென்ஸுக்குத் திரும்பி ஓடறதே இல்ல. ஜூலைல 20 வயசுக்குட்பட்டோர் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் இருக்கும். தேசிய அணிக்குப் போறாரான்னு கேட்டுட்டு, அப்புறமா ஜூன் பயிற்சி பத்தி யோசிங்க.

பேஸ்லைன்_கட்:

மூவருக்கும் நன்றி, நான்காவதாக வந்த ரிம்_காவலுக்கும். ஐ20_மேசை, ஒரு துணைக் கேள்வி. சீசனில் பயணம் அதிகம் என்பதால் எங்கள் கல்வி ஆலோசகர் எல்லா வீரருக்கும் செமஸ்டருக்கு 12 கிரெடிட்டில் 6ஐ ஆன்லைனில் போடுகிறார். இவர்களுக்கும் அப்படியே போடலாமா? நவம்பரில் பஹாமாஸ் போட்டியும் இருக்கிறது.

ஐ20_மேசை:

போடக் கூடாது. 12 கிரெடிட் முழுநேரக் கணக்கில் எஃப்-1 மாணவருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட்தான் சேரும். 6 போட்டால் அவர் 9 கிரெடிட் மாணவர், செவிஸில் நிலை முறிந்துவிடும். என்சிஏஏ பார்வையில் எல்லாம் சரியாக இருக்கும், அதனால் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் இதைக் கண்டுபிடிக்காது. நடு செமஸ்டரில் ஒரு பாடத்தைக் கைவிடுவதற்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று ஆலோசகரிடம் சொல்லிவையுங்கள்.

பஹாமாஸுக்கு ஐ-20இல் பயணக் கையெழுத்து வேண்டும், ஒரு வருடத்துக்குள் போட்டதாக இருக்க வேண்டும். அக்டோபரில் ஐ-20ஐ அந்த அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். செர்பியப் பாஸ்போர்ட்டுக்கு பஹாமாஸ் விசா வேண்டுமா என்பதை விமான டிக்கெட் போடும் முன் அவர்கள் தூதரகத்திடம் கேளுங்கள். தடுப்பூசிச் சான்றும் இதோடு: எம்எம்ஆர் இரண்டு டோஸ், காசநோய்ப் பரிசோதனை. அது இல்லாமல் சுகாதார மையம் பதிவைப் பூட்டிவைத்தால் வகுப்பும் கிடையாது, பயிற்சியும் கிடையாது.