நிறுத்தி வைத்த காரில் நான்கு நாளில் பேட்டரி இறங்கிவிடுகிறது: மின்கசிவு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழையவண்டி:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது ஒன்பது ஆண்டுப் பழைய சிறிய பெட்ரோல் கார். பேட்டரி 35 ஆம்பியர் மணி. வார நாட்களில் நான் ரயிலில் வேலைக்குச் செல்வதால், ஞாயிறு இரவு நிறுத்தும் வண்டியை வியாழக்கிழமை காலையில்தான் மீண்டும் எடுப்பேன். இரண்டு மாதமாக அன்று காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற ஒலி மட்டுமே கேட்கிறது. பேட்டரி முனையில் 11.4 வோல்ட் காட்டுகிறது. பேட்டரி பழையது என்று கடையில் சொன்னதை நம்பிப் புதியது மாற்றினேன். மூன்றாவது வாரமே அதுவும் அதேபோல் படுத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் வருகிறது, ஆகவே சார்ஜ் ஏறுவதில் குறையில்லை என்று நினைக்கிறேன்.

நேற்று மல்டிமீட்டரை எர்த் கம்பியில் (பேட்டரியின் மைனஸ் கம்பி) இடையே கோத்து அளந்தேன். 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது, எண்ணும் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தும் எதிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது?

செம்புக்கம்பி:
நீங்கள் அளந்தது கசிவை அன்று, விழித்திருக்கும் வண்டியை. கதவைத் திறந்த உடனே உள்விளக்கு எரிகிறது, கதவுப் பூட்டையும் விளக்குகளையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் விழித்துக்கொள்கின்றன. அவை மீண்டும் உறங்குவதற்குச் சில வண்டிகளில் பத்து நிமிடமும் சிலவற்றில் முக்கால் மணி நேரமும் ஆகும். ஆகவே முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்து, அதன் பூட்டு நாக்கை ஒரு திருப்புளியால் மூடிய நிலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவு சாத்தியிருப்பதாக வண்டி எண்ணிக்கொள்ளும். கதவுச் சட்டத்தில் தனியாக ஒரு பொத்தான் இருந்தால் அதையும் அழுத்தி ஒட்டி வையுங்கள். பானெட் பூட்டுக்கும் இதையே செய்யுங்கள். சாவியை வண்டியிலிருந்து தள்ளி வையுங்கள். டிக்கி விளக்கு அணைகிறதா என்பதை, கைப்பேசியில் காணொளிப் பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மீட்டரின் சிவப்புக் கம்பி 10 ஆம்பியர் துளையில் இருக்கட்டும். எர்த் கிளாம்பைக் கழற்றுவதற்கு முன் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் இடையே தனியாக ஒரு கம்பியைப் பிடித்துவிட்டு, மீட்டரை இணைத்த பிறகு அந்தக் கம்பியை எடுத்தால் மின்சாரம் ஒரு கணமும் அறுபடாது. மீட்டர் கோத்திருக்கும்போது சாவியைத் திருப்ப வேண்டாம். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். (நான் இரண்டு முறை வாங்கி மாற்றியிருக்கிறேன்.)

முக்கால் மணி நேரம் கழித்துக் காட்டும் எண்ணே உண்மையான எண். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

நிழலில்நிறுத்து:
இவ்வளவு சிரமம் எதற்கு? பேட்டரி முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டு, நிறுத்தும்போது திருகிவிட்டால் வேலை முடிந்தது. நான் நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

செம்புக்கம்பி:
அவசரத்துக்கு அது சரி, தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு முறையும் கடிகாரம் அழியும், சில வண்டிகளில் ஆடியோ மீண்டும் குறியீட்டு எண் கேட்கும், திருட்டு எச்சரிக்கை மணியும் செத்துக் கிடக்கும். அதைவிட முக்கியமாக, சூடாகிக்கொண்டிருக்கும் ஒரு ரிலேயோ கம்பியோ காரணமாக இருந்தால், வண்டி ஓடும்போது அது சூடாகிக்கொண்டேதான் இருக்கும்.

பழையவண்டி:
சொன்னபடியே செய்தேன். முப்பது நிமிடத்தில் எண் இறங்கி 0.31 ஆம்பியரில் நின்றது, அதன் பிறகு அசையவில்லை. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 7.4 ஆம்பியர் மணி என்று கணக்கிட்டால், ஞாயிறு இரவிலிருந்து வியாழன் காலைக்குள் 26 ஆம்பியர் மணி போய்விடுகிறது; கணக்கு பொருந்துகிறது. ஆனால் ஃபியூஸைப் பிடுங்கிச் செருகினால் பெட்டிகள் விழித்து எண் மீண்டும் ஏறிவிடுகிறது.

மில்லிவோல்ட்:
பிடுங்க வேண்டியதில்லை ஐயா. ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, அந்த இரு புள்ளிகளிலும் முனைகளைத் தொடுங்கள். மின்னோட்டம் இல்லாத ஃபியூஸில் சுழி காட்டும். மின்னோட்டம் இருந்தால், ஃபியூஸுக்கே உள்ள சிறு மின்தடையால் ஓரளவு மின்னழுத்தம் விழும். 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸின் மின்தடை சுமார் 7.5 மில்லி ஓம், உங்கள் 0.31 ஆம்பியர் முழுவதும் அப்படி ஒன்றின் வழியாகப் போனால் 2.3 மில்லிவோல்ட் தெரிய வேண்டும். ஃபியூஸின் அளவு பெரிதாக ஆக மின்தடையும் குறையும் என்பதால், 20 ஆம்பியர் ஃபியூஸில் சிறிய எண்ணைக் கண்டாலும் அலட்சியம் செய்யாதீர்கள். டாஷ்போர்டுப் பெட்டியோடு நிறுத்திவிடாமல் பானெட்டுக்குள் இருக்கும் பெட்டியையும் பாருங்கள்.

பொதுவாக இந்த வயது வண்டிகளில் நான் கண்டவை பின்னால் பொருத்திய ஆடியோ, டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி ஆகியவைதாம். ஆடியோவின் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் உள்ள இடத்திலும் சிவப்புக் கம்பி சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலும் சேர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி விட்டிருந்தால் ஆடியோ உறங்கவே உறங்காது.

பழையவண்டி:
இரண்டு பெட்டிகளையும் முழுவதும் பார்த்துவிட்டேன். ஆடியோ ஃபியூஸில் மட்டும் 0.1 மில்லிவோல்ட், மற்ற எல்லாவற்றிலும் சுழி. 0.31 எங்கேதான் போகிறது?

மில்லிவோல்ட்:
0.1 என்பது 13 மில்லி ஆம்பியர், அது ஆடியோவின் நினைவகத்துக்கு ஆகும் இயல்பான செலவு. அப்படியென்றால் மீதி, சிறு ஃபியூஸ்களைத் தொடாமல் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியில் நேராகப் போகும் இடங்களில் இருக்க வேண்டும்: ஒன்று செல்ஃப் மோட்டார், மற்றொன்று டைனமோ என்று மெக்கானிக்குகள் சொல்லும் ஆல்டர்னேட்டர். அந்தப் பாதையில் உள்ள பெரிய ஃபியூஸின் மின்தடை மிகவும் குறைவு என்பதால், உங்கள் மீட்டருக்கு அது தென்பட்டிருக்காது.

என் சந்தேகம் டைனமோவின் டயோடு பிளேட் மீது. மின்சாரத்தை ஒரே திசையில் விட வேண்டிய டயோடுகள் கசியத் தொடங்கினால், எஞ்சின் நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் ஒழுகும். 14.1 வோல்ட் வருவதால் மட்டும் அது நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் டைனமோவின் உடலையும் எஞ்சினையும் தொட்டுப் பாருங்கள். மூன்றரை வாட் அளவுக்கு வெப்பம் உண்டாவதால் டைனமோ இளஞ்சூடாக இருக்கலாம். தெரியாவிட்டாலும் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம்.

உறுதி செய்ய, பேட்டரியின் எர்த்தை முதலில் கழற்றிவிட்டு, டைனமோவின் பின்புறத் தடித்த கம்பியின் நட்டைக் கழற்றி, கம்பி முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகு மீட்டரை முன்போல் கோத்து, வண்டி உறங்கும்வரை காத்திருங்கள். எர்த்தைக் கழற்றாமல் அங்கே ஸ்பேனர் வைத்தால், அது எஞ்சின் மீது பட்ட கணத்தில் தீப்பொறி பறக்கும்.

பழையவண்டி:
அதுவேதான். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்க, டைனமோ மட்டும் பூனை படுத்து எழுந்த இடம்போல் வெதுவெதுப்பாக இருந்தது. கம்பியைக் கழற்றியதும் 0.31 இருந்த இடத்தில் 0.02 வந்தது. டைனமோ வேலை மட்டும் பார்க்கும் ஒரு சிறு பட்டறையில் டயோடு பிளேட்டை மாற்றி, தேய்ந்திருந்த கார்பன் பிரஷ்களையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள்.

செம்புக்கம்பி:
மகிழ்ச்சி. ஒன்று மட்டும்: 11.4 வோல்ட் வரை பலமுறை இறங்கிய பேட்டரியை வண்டி ஓட்டியே நிரப்பிவிடலாம் என்று விட்டுவிடாதீர்கள். 3 அல்லது 4 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போட்டு, கழற்றி அரை நாள் ஓய்வுவிட்டு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும்.

பழையவண்டி:
போட்டேன், 12.5 காட்டுகிறது. இந்த வாரம் வியாழக்கிழமை முதல் முறையிலேயே வண்டி கிளம்பியது.