சேஸிஸ் விரிசலுக்கு மிக்கா, ராடா?

லோடுவண்டி:
பழைய சரக்கு வண்டி. பின் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்தில், சேஸிஸின் செங்குத்துத் தகட்டில் விரிசல் விட்டிருக்கிறது. ரிவெட் துளையிலிருந்து கிளம்பி விரல் நீளத்துக்கு மேலே ஏறியிருக்கிறது. படுக்கையாக மடிந்திருக்கும் ஃபிளாஞ்சை இன்னும் தொடவில்லை. தகடு 5 மி.மீ. என்னிடம் ராடு வைத்து அடிக்கும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின் இருக்கிறது. கேஸ் மறைப்பில் கம்பி தானாக ஓடி வரும் மிக் மெஷின் வேண்டுமென்றால் நண்பரிடம் வாங்கலாம். எதில் அடிப்பது?

நீலச்சுடர்:
மிக்தான். கம்பி நிற்காமல் வரும், நடுவில் ராடு மாற்றும் வேலை இல்லை, ராடின் பூச்சு உருகிப் படியும் ஸ்லாக் உள்ளே சிக்காது. 1 மி.மீ. கம்பி, ஆர்கானும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த கேஸ். இந்தக் கனத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பழையராடு:
நண்பரே, இந்தக் கனத்தில்தான் சின்ன மிக் மெஷின் ஏமாற்றும். அழகான வரி விழும், ஆனால் ஓரம் தகட்டோடு உருகிச் சேர்ந்திருக்காது. சும்மா மேலே ஒட்டி உட்கார்ந்திருக்கும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் அது போதும், ஒவ்வொரு குழியிலும் முறுக்கு வாங்குகிற சேஸிஸுக்குப் போதாது. வண்டிக்கு அடியில் காற்று கேஸைத் தள்ளிவிட்டால் வெல்ட் முழுக்க ஊசித்துளைதான். 7018 என்கிற குறைந்த ஹைட்ரஜன் ராடு, டிசி, ராடு பாசிட்டிவில். கீழிருந்து மேலே ஏற்றுங்கள்.

நீலச்சுடர்:
மேலிருந்து கீழே வேகமாக இழுத்தால் அப்படித்தான் ஒட்டாமல் போகும். அது கையின் பிழை, மெஷின் மேல் போடாதீர்கள். மிக்கையும் கீழிருந்து மேலே ஏற்றலாமே. காற்றை மறைக்க ஒரு தகரம் போதும். உங்கள் 7018 மட்டும் என்ன, பிரித்த பெட்டி பட்டறை மூலையில் கிடந்தால் ஈரம் குடித்துவிடும். மறுபடி 260 டிகிரிக்கு மேல் சுட்டு எடுக்க எத்தனை பேரிடம் அடுப்பு இருக்கிறது?

பழையராடு:
புதுப் பெட்டியைப் பிரித்து அன்றே அடித்தால் அந்தக் கவலை இல்லை. அதுவும் இது மெல்லிய தகடு. ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் வெல்டில் புகுந்து வரும் விரிசல் கனமான, கடினமான இரும்பில்தான் பெரிய ஆபத்து.

அடிச்சட்டம்:
இருவரும் மெஷினையே பேசுகிறீர்கள், அது என்ன இரும்பு என்று யாரும் கேட்கவில்லை. கனரக லாரிகள் பலவற்றின் சேஸிஸ் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்தியது. அதன் விளைவு வலிமை, அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு, 760 மெகாபாஸ்கல் வாக்கில் இருக்கும். 7018 ராடு படிய வைக்கும் உலோகத்தின் இழுவலிமையே, அதாவது இழுத்தால் அறும் அளவே, 490 தான். வெல்ட் சூட்டில் பக்கத்து இரும்பும் பதம் இழந்து மிருதுவாகிவிடும், அடுத்த விரிசல் அங்கேதான் வரும். அப்படிப்பட்ட சேஸிஸ் என்றால் மிக்கும் வேண்டாம், ராடும் வேண்டாம்.

பழையராடு:
அதற்கு அரம் போட்டுப் பார்த்தால் போயிற்று. கடித்தால் சாதா இரும்பு, வழுக்கினால் கடின இரும்பு.

அடிச்சட்டம்:
ஸ்பிரிங் பட்டைக்கும் அரம் முழுதாக வழுக்காது, அண்ணா. 760 சேஸிஸை அரம் தாராளமாகக் கடிக்கும். தயாரிப்பாளரின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும், சிலவற்றில் சேஸிஸ் மேலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்கும்.

லோடுவண்டி:
கையேட்டில் பார்த்துவிட்டேன். பதப்படுத்தாத இரும்பு, செங்குத்துத் தகட்டில் வெல்டிங் செய்யலாம் என்று போட்டிருக்கிறது. அந்த ரிவெட் துளையையும் அடைத்துவிடவா?

பழையராடு:
அடைத்துவிடுங்கள். மேலே ஒரு சதுரப் பிளேட் வைத்து நான்கு பக்கமும் வெல்ட் அடித்தால் பலமாக நிற்கும்.

அடிச்சட்டம்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சதுரப் பிளேட்டின் செங்குத்து ஓரம் இருக்கிறதே, அங்கே சேஸிஸின் விறைப்பு திடீரென மாறும், அந்தக் கோட்டிலேயே புது விரிசல் கிளம்பும். பிளேட்டின் இரண்டு முனையையும் சாய்வாக வெட்டுங்கள். ஃபிளாஞ்சின் ஓரத்தில் வெல்ட் ஒரு சொட்டும் விழக் கூடாது. துளையை அடைக்காமல் சீராக்கி, இறுக்கமாகப் பொருந்தும் 10.9 என்ற உயர் வலிமைத் தர போல்ட் போடுங்கள். ஆட்டம் கொடுத்த ரிவெட்தான் இந்த விரிசலையே தொடங்கியிருக்கும்.

நீலச்சுடர்:
இதில் நானும் அவர் பக்கம். விரிசலின் நுனி கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு முடியாது. சிவப்புச் சாயத் திரவம் அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் போட்டால் மெல்லிய சிவப்புக் கோடு இன்னும் கொஞ்சம் மேலே போவது தெரியும். அந்த நுனியில் டிரில் போட்டுவிட்டு அப்புறம் கிரைண்டரால் வி வடிவில் வெட்டுங்கள். பின்பக்கம் செம்புப் பட்டை வைத்தால் வெல்ட் கீழே வழியாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டுக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

லோடுவண்டி:
அதே கனத் துண்டுகளை நிறுத்தி வைத்து இரண்டு மெஷினிலும் அடித்தேன். குறுக்கே அறுத்து வைஸில் பிடித்து, பின்பக்கம் வெளியே வரும்படி வளைத்தேன். மிக் துண்டு பின்பக்கத்தில் நீளமாகப் பிளந்தது. ராடு துண்டில் கடுகளவு ஸ்லாக் தெரிந்தது, பிளக்கவில்லை.

நீலச்சுடர்:
கீழிருந்து மேலேதானே ஏற்றினீர்கள்? வோல்டேஜ் எவ்வளவு வைத்தீர்கள்?

லோடுவண்டி:
மேலேதான் ஏற்றினேன், ஆனால் ஓட்டை விழும் என்று பயந்து வோல்டேஜைக் குறைத்துத்தான் வைத்தேன்.

நீலச்சுடர்:
அதுதான் பிளந்திருக்கிறது. வோல்டேஜை ஏற்றினால் மிக்கும் பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சேஸிஸில் உட்கார்ந்து பழகக் கூடாது. உங்கள் கை ராடில் ஓடுகிறது, ராடிலேயே அடியுங்கள். முதல் வரி முடிந்ததும் ஸ்லாக்கை முழுக்கத் தட்டி, பிரஷ் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அந்தக் கடுகளவு கூட உள்ளே இருக்க வேண்டாம்.