மொட்டை மாடி கிரவுட் விரிசல்: பாக்கிக் கூலியை நிறுத்துவது நியாயமா?

கரணை_புதுசு:
‘கிரவுட் (டைல் இடுக்கை அடைக்கும் கலவை) விரிந்தால் ஒட்டியவன் வேலை சரியில்லை என்று அர்த்தம், பாக்கியைக் கொடுக்காதீர்கள்’ என்று போன வாரம் மாடிவீடு சார் இங்கே எழுதியிருந்தார். எனக்கு வேலை கொடுத்த வீட்டுக்காரர் அதை அப்படியே போனில் காட்டி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நான் தனியாக எடுத்த மூன்றாவது வேலை இது. 32க்கு 20 அடி மாடி, 640 சதுர அடி. ஓரடிக்கு ஓரடி வெள்ளை கூலிங் டைல்ஸ், இடுக்குக்கு 3 எம்எம் ஸ்பேசர். சதுர அடிக்கு 28 ரூபாய் கூலி. 17,920இல் 10,000தான் கைக்கு வந்தது. ஏப்ரலில் முடித்தேன். மூன்றே வாரத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு விரிசல், நடுவில் குறுக்கே இரண்டு, அங்கங்கே சின்னதாகவும் சில. சாக்பீஸால் 43 வட்டம் போட்டு வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டச் சொல்கிறார். நான் என்ன பேச?

மேலூர்_மேஸ்திரி:
தம்பி, ஒரு கிலோ பவுடருக்கு எவ்வளவு தண்ணீர் விட்டாய்? அதை முதலில் சொல்.

கரணை_புதுசு:
மூன்று டம்ளர், அண்ணே.

மேலூர்_மேஸ்திரி:
முடிந்தது கதை. டம்ளர் 200 மில்லி. மூன்று டம்ளர் 600. நான் வாங்கும் பாக்கெட்டில் கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் போட்டிருக்கிறது. நீ வைத்தது கிரவுட் இல்லை, கஞ்சி. அதிகத் தண்ணீர் வெயிலில் காய்ந்து போனால் ஜாயின்ட் சுருங்கும், சுருங்கினால் விரியும். 28 வருஷமாகக் கரணை பிடிக்கிறேன், இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மாடிவீடு:
பார்த்தீர்களா? மேஸ்திரியே சொல்லிவிட்டார். நான் எழுதியதில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். என் வீட்டில் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு போன ஆள் அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் படுக்கையறை சீலிங்கில் ஈரம் இறங்கியது. அந்தச் செலவை யார் கொடுத்தார்கள்? பாக்கி கையில் இருந்தால்தான் ஆள் திரும்பி வருவான்.

சைட்_இன்ஜினியர்:
டீக்கடைக் கண்ணாடி டம்ளர் 100 மில்லிக்கு மேல் பிடிக்காது. மூன்று விட்டாலும் 300தான், அது சரியான அளவு. எந்த டம்ளர் என்று கேட்காமலேயே தீர்ப்பா, மேஸ்திரி?

விரிசல் எங்கே இருக்கிறது என்று யாராவது படித்தீர்களா? சுவரை ஒட்டி ஒன்று, நடுவில் குறுக்கே இரண்டு. தண்ணீர் அதிகமானால் மாடி முழுக்கத்தான் விரியும், இப்படி நேர்கோடு பிடித்துப் போகாது. இது தளம் வெயிலில் நீண்டு சுருங்கும் விரிசல். 32 அடி காங்கிரீட், பகலுக்கும் இரவுக்கும் 30 டிகிரி வித்தியாசம் வந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். அந்த 3 மில்லிமீட்டர் எங்கே போகும்? அமெரிக்க டைல்ஸ் கவுன்சில் கையேடு வெளித்தளத்துக்கு 8 முதல் 12 அடிக்கு ஒரு அசைவு இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி வளைந்துகொடுக்கும் சீலன்ட் அடைக்கச் சொல்கிறது. சுவரோரத்திலும் விட வேண்டும். அது விட்டீர்களா தம்பி?

கரணை_புதுசு:
இல்லை சார். சுவர் வரைக்கும் இறுக்கி ஒட்டிவிட்டேன். யாரும் சொல்லித்தரவில்லை.

மேலூர்_மேஸ்திரி:
அமெரிக்காவில் விடட்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்து மாடி மாடியாகத் தட்டோடு பதித்திருக்கிறோம். எந்த மாடியில் 8 அடிக்கு ஒரு பள்ளம் விட்டோம்? இன்றைக்கும் நிற்கிறது. டம்ளர் விஷயத்துக்கு வாருங்கள்.

சைட்_இன்ஜினியர்:
தட்டோட்டுக்கு அடியில் இருந்தது சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும். சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். சிமென்ட் கொடுக்காது, உடையும். இது தெரியாமல்தான் போன வருஷம் பாத்ரூம் ஜாயின்டுக்கு வெள்ளை சிமென்டே போதும் என்று இங்கே அடித்துச் சொன்னீர்கள். அதை நம்பிச் செய்தவர் ஆறு மாதத்தில் வந்து புலம்பினார். அன்றைக்கு நீங்கள் பதிலே சொல்லவில்லை.

மேலூர்_மேஸ்திரி:
அந்த ஆள் ஆசிட் ஊற்றிக் கழுவினால் நான் என்ன செய்வேன்? நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்குகிறவர்கள் எனக்குக் கலவை சொல்லித்தர வேண்டாம். மூன்று டம்ளர். அவனே சொன்னது.

விருதுநகர்_செல்வி:
என் கணவர் டைல்ஸ் வேலைதான், கணக்கு வழக்கெல்லாம் நான் பார்க்கிறேன். தம்பி, ‘விரிசல்’ என்று ஒரே பேரில் எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அது ஒன்றில்லை. காலையில் வெயில் ஏறும் முன் போ. ஒவ்வொரு வட்டத்திலும் நகத்தால் கீறு. மாவாக உதிர்ந்தால் அது உன் கலவைக் கோளாறு, அதை நீதான் சரிசெய்ய வேண்டும். ஜாயின்ட் கல் மாதிரி இருந்து டைல் ஓரத்தில் மட்டும் பிரிந்திருந்தால் அது தளம் அசைந்தது. பக்கத்து டைலை ஒரு நாணயத்தால் தட்டு. டொக்கென்று கேட்டால் அடியில் பிடிப்பில்லை, அந்த டைலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். மூன்றையும் தனித்தனியாக எண்ணி, போட்டோ எடுத்து, தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கு. 43 வட்டத்துக்காக 640 டைலைப் பெயர்க்கச் சம்மதிக்காதே.

மாடிவீடு:
அம்மா, கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பு போய்விடுமா? வீட்டுக்காரர் நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 2 வருஷம் வரை அவகாசமும் இருக்கிறது.

சைட்_இன்ஜினியர்:
போகட்டும். டைல் ஒட்டப் பசை போட்டானா வெறும் கலவையா, அதை முடிவு செய்தது யார் என்று அங்கேயும் கேட்பார்கள். தம்பி, பசை போட்டீர்களா?

கரணை_புதுசு:
கேட்டேன் சார். செலவு அதிகம், சிமென்ட் பாலே (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) போதும் என்றார் வீட்டுக்காரர். வாய்ப்பேச்சுதான், எழுதி வாங்கவில்லை.

மாடிவீடு:
வீட்டுக்காரன் தலையில் கல்லைப் போடச் சொன்னால் போடுவாயா? தெரிந்தவன் நீதானே, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

கரணை_புதுசு:
மூன்றாவது வேலையிலேயே முடியாது என்று சொன்னால் நாலாவது வேலை யார் சார் கொடுப்பார்கள்? செல்வி அக்கா, நாளைக் காலை ஆறு மணிக்குப் போகிறேன். சுவரோர ஜாயின்டைக் கீறி எடுத்து சீலன்ட் அடித்துத் தருகிறேன், என் செலவில். ஆனால் 7,920ஐ விட மாட்டேன்.

மேலூர்_மேஸ்திரி:
சீலன்ட் எல்லாம் இருக்கட்டும். எந்த டம்ளர்?

கரணை_புதுசு:
கண்ணாடி டம்ளர்தான் அண்ணே. ஆனால் மதியம் வாளியில் கலவை இறுகிவிட்டது, அப்போது இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினேன். இரண்டு தடவை.

மேலூர்_மேஸ்திரி:
ஆங், வந்துவிட்டதா! இறுகின கலவையில் மறுபடி தண்ணீர். முதல் பதிலிலேயே சொன்னேன், தண்ணீர்தான் என்று.

சைட்_இன்ஜினியர்:
மதியம் கலந்தது எந்தப் பக்கம் போனது? கைப்பிடிச் சுவர்ப் பக்கமா? இல்லையென்றால் அந்தக் கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 3 மில்லிமீட்டருக்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

மேலூர்_மேஸ்திரி:
இரண்டு தடவை விட்டிருக்கிறான். மறுபடி படியுங்கள்.