ஜெபக்குழுவில் வாய் மூடிக் கேட்பது

(வீட்டு ஜெபக்கூட்டம் பற்றி நான்கு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டவை)

காட்பாடியிலிருந்து:

நம் பகுதியில் வீட்டு ஜெபக்கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடக்கும். பாட்டு, சாட்சி, செய்தி, விண்ணப்பம் எல்லாம் இருக்கும். யாரும் பேசாத ஒரு நிமிஷம் இருக்காது. "ஆண்டவரே பேசும்" என்று ஜெபித்த கையோடு அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறோம். கிபியோனில் சாலொமோன் ராஜா ஆண்டவரிடம் கேட்டதை நம் வேதாகமம் "ஞானமுள்ள இருதயம்" என்கிறது. எபிரெய மூலத்தில் அது "கேட்கிற இருதயம்" (1 இராஜாக்கள் 3:9). இந்த ஒரு சொல்லுக்காகவே கூட்டத்தின் அமைப்பை மாற்றலாம்.

ஆறு பேர் முதல் பத்துப் பேர் வரை உட்காரலாம். அதற்கு மேல் போனால் கடைசியில் பேசுகிறவருக்கு நேரம் மிஞ்சாது. வேதபகுதி பத்து வசனத்துக்குள் இருக்கட்டும். முழு அதிகாரம் எடுத்தால் எல்லாரும் விளக்கவுரைக்குப் போய்விடுவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மாற்கு 10:46-52, பர்திமேயு பகுதி நல்லது. ஏழே வசனம். "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்ற கேள்வி அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் தொடும்.

மூன்று தடவை, மூன்று பேர் வாசிக்க வேண்டும். முதல் தடவை வேதாகமத்தை மூடிவைத்துக் காதால் மட்டும் கேட்பது. பிறகு இரண்டு நிமிஷ மௌனம். இரண்டாம் தடவை மனதில் ஒட்டிக்கொண்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிஷம் இருப்பது. பின் ஒவ்வொருவரும் அந்தச் சொல்லை மட்டும் சொல்ல வேண்டும், காரணம் சொல்லக் கூடாது. மூன்றாம் தடவை, அந்தச் சொல் இந்த வாரம் என்னிடம் எதைக் கேட்கிறது என்று ஏழு நிமிஷம். அதன்பின் ஆளுக்கு இரண்டு நிமிஷப் பேச்சு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி, வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக எழுதிவைத்த முறையிலிருந்து வந்தது இது.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணா சொன்ன முறையில் எழுத்து தெரியாத பெரியவர்களுக்குத்தான் முதல் நன்மை. எல்லாரும் புத்தகத்தை மூடிவிட்டால் படித்தவரும் படிக்காதவரும் ஒரே வரிசை. வாசிப்பவர் பிரசங்கத் தொனியில் ஏற்றி இறக்க வேண்டாம், முற்றுப்புள்ளிக்கு ஒரு மூச்சு விட்டால் போதும். முதல் வாசிப்பும் மூன்றாவதும் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கட்டும். நடுவில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசித்தால், கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வசனமும் பிள்ளைகள் காதில் புதிதாக விழும்.

சின்ன விஷயங்கள்தான் கெடுக்கும். தேநீரைக் கடைசியில் வைத்தால் அடுக்களையிலிருந்து வரும் பாத்திரச் சத்தத்தோடு வீட்டு அம்மாவின் மனசும் அங்கேயே போய்விடும், முதலிலேயே கொடுத்துவிடுங்கள். போன் வேதாகமம் வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டு வீடும் ஷீட் வீடும் ராத்திரி எட்டு மணி வரை கொதிக்கும். அந்த இரண்டு மாதமும் மொட்டைமாடிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் காலை ஐந்தரைக்கு வையுங்கள். தறியிலிருந்து எழுந்து வருகிறவர்கள் கண்ணை மூடினால் தூங்கிவிடுவார்கள். அவர்கள் சுவரில் சாயாமல், கண் திறந்தபடி ஒரு விளக்கைப் பார்த்து உட்காரலாம். தூங்கினாலும் தட்டி எழுப்பாதீர்கள்.

வேலூரிலிருந்து:

அக்கா, வெளியே இருந்து வரும் சத்தத்தைவிடக் குழுவுக்குள்ளிருந்து வருவதுதான் அதிகம் தடுக்கிறது. ஒருவர் மனம் திறந்து சொன்னதற்கு அடுத்தவர் ஜெபத்திலேயே பதில் சொல்வார்: "ஆண்டவரே, இந்தச் சகோதரிக்குப் பொறுமையைக் கற்றுக்கொடும்." அது ஜெபமாகத் தெரியும், கேட்கிறவருக்குக் கண்டிப்பாக விழும். அடுத்த வாரம் அந்தச் சகோதரி வாய் திறக்க மாட்டார். அதனால் மற்றவர் சொன்னதைத் தொட்டுப் பேசவும் கூடாது, ஜெபிக்கவும் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அங்கே கேட்டதை வெளியே "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் கொண்டுபோகவும் கூடாது.

இரண்டாவது, "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற வாக்கியம். அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, சோதித்துப் பாருங்கள்" என்று சொல்லப் பழக்குங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஆண்டவர் பேசினார் என்று யாராவது சொன்னால் குழு அதற்கு ஆமென் சொல்லவே கூடாது. அன்றைக்கே வீட்டாரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சாவு நடந்து சில வாரமே ஆன வீட்டாருக்கு ஏழு நிமிஷ மௌனம் பாரமாக இருக்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

ஐயர் (சபைப் போதகர்) வந்தால் கடைசியாகப் பேசும்படி முன்கூட்டியே மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முதலில் பேசினால் மற்ற எட்டுப் பேரும் அதையே வேறு வார்த்தையில் சொல்வார்கள். முக்கியக் காரியத்துக்கு மடத்தார் எல்லாரையும் கூட்டிக் கேட்க வேண்டும், சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்து ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில் எழுதிவைத்தார்.

திருப்பத்தூரிலிருந்து:

யார் வீட்டில் கூடுகிறோம் என்று ஒருவரும் எழுதவில்லையே. இங்கே 1921இல் டாக்டர் யேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கியபோது, ஒரே குடும்பமாகக் கதர் உடுத்தி வாழ்ந்தார்கள். ஒருவர் பெரியண்ணன், மற்றவர் சின்னண்ணன். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் வெள்ளைக்காரர் தம்பி ஸ்தானத்தில் நின்றார் என்பதை யோசித்துப் பாருங்கள். மனம் புதிதாகி மறுரூபமாகுங்கள் என்று ரோமர் 12:2 சொல்லும் மாற்றம் நம் ஊரில் எங்கே தெரிய வேண்டும் என்றால், சாப்பாட்டில். கூட்டம் எப்போதும் மெயின் ரோட்டு வீடுகளிலேயே நடந்து, காலனி வீட்டு முறை வரும்போது மட்டும் "இந்த வாரம் சர்ச்சிலேயே வைத்துக்கொள்ளலாம்" என்றால், எத்தனை நிமிஷம் மௌனமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. வீட்டு முறையை ஆறு மாதத்துக்கு எழுதி ஒட்டுங்கள், மாற்றாதீர்கள். எந்த வீட்டில் கூடினாலும் அந்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

காட்பாடியிலிருந்து மறுபடியும்:

திருப்பத்தூர் ஐயா சொன்னது முக்கியம். முதலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும்.

ஒருவர் பெரிய முடிவோடு வரும்போது என்ன செய்வது என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். மௌன ஆராதனைக்குப் பேர்போன குவேக்கர் சபையாரிடம் ஒரு வழக்கம் உண்டு: ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்பார்கள், ஆலோசனை சொல்ல மாட்டார்கள். "வைகாசியிலேயே கல்யாணத்தை முடித்தால் என்ன?" என்பது கேள்வி மாதிரி வந்த ஆலோசனை. "இந்தச் சம்பந்தத்தை நினைக்கும்போது உங்களுக்குள் எது இறுகுகிறது, எது இளகுகிறது?" என்பது கேள்வி. பதில் தெரிந்துகொண்டு கேட்கிற கேள்வியை விட்டுவிடுங்கள். மனம் வறண்டு இருண்டிருக்கும் நாளில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்று இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் கொடுத்த விதியையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் கையில் வந்த வாக்குத்தத்த அட்டையை (வசனம் அச்சிட்ட அட்டை) வைத்து வீடு விற்கிற முடிவு எடுக்க வேண்டாம். வசனம் ஆறுதலுக்கு வந்திருக்கலாம், பத்திரப்பதிவுக்கு வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது.

வேலூரிலிருந்து:

ஒன்று விட்டுப்போயிற்று. திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று பேர் பிரசவ வேதனையில் இருந்த மனைவிகளுக்காக வந்து கேட்டதும், ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்காததால் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனதும்தான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு அழைப்பாக வந்தது. அவர் டாக்டராகித் திரும்பி 1900இல் இங்கே வேலையைத் தொடங்கினார். ஆகவே கடைசி ஐந்து நிமிஷத்தில் வேதாகமத்தை மூடிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வாரம் நம் கதவைத் தட்டியது யார்? வட்டிக்குக் கேட்டு வந்தவரா, வார்டில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருக்கும் வெளியூர்க்காரரா? பெயரையும், யார் போகிறோம், எந்தக் கிழமை என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் பாட்டுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து வாசியுங்கள்.