நடுவட்டத்துல எதுக்குங்க ஜெயில்?

மழைப்பயணி:
போன வாரம் ஊட்டி டு கூடலூர் பஸ்ல நடுவட்டத்துல டீக்கு நிறுத்துனாங்க. பக்கத்துல தேயிலைக்கு நடுவுல குட்டியா ஒரு பழைய ஜெயில். இவ்ளோ குளிர்லயும் மழைலயும் மலை மேல வந்து எதுக்கு சிறை கட்டுனான் வெள்ளக்காரன்? டீக்கடை அண்ணன கேட்டா "சீனாக்காரங்க இருந்தாங்க"ன்னுட்டு போண்டா போட போய்ட்டாரு.

கூடலூரான்:
சின்கோனா தோட்டத்துக்காக வந்த ஜெயில் ப்ரோ அது. அந்தக் காலத்துல மலேரியாவுக்கு கொய்னா மருந்து குடுத்தாங்கல்ல, அது இந்த மரத்துப் பட்டைல இருந்துதான் எடுக்கிறது. 1860ல மார்க்கம்னு ஒரு வெள்ளக்காரர் தென் அமெரிக்கால இருந்து செடி விதை எல்லாம் கொண்டுவர, ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் மெக்ஐவர் தொட்டபெட்டாலயும் நடுவட்டத்துலயும் நட்டு வளத்தாரு. காடு வெட்ட, குழி தோண்ட ஆள் வேணுமே, கைதின்னா கூலி மிச்சம். அந்த மெக்ஐவர் கில்லாடி, பட்டைய பாதி உரிச்சு அந்த எடத்த பாசியால மூடி கட்டிருவாரு, மரம் சாகாது, புதுப்பட்டை வளந்துரும், அதுல கொய்னாவும் கூட இருக்கும்.

பழைய_பேப்பர்:
அந்த சீனாக்காரங்கள எல்லாரும் ஓபியம் போர் (சீனாவோட வெள்ளக்காரன் போட்ட சண்டை) கைதிங்கன்னு அடிச்சு விடறாங்க. மெட்ராஸ் மியூசியத்த பாத்துக்கிட்ட தர்ஸ்டன் எழுதினத பாத்தா பினாங்கு சிங்கப்பூர் பக்கம் ஜெயில்ல எடம் பத்தாம மெட்ராஸுக்கு அனுப்புன ஆளுங்க, எனக்கு அதான் சரியா படுது. ஊட்டி பக்கத்து லவ்டேல்ல லாரன்ஸ் ஸ்கூல் கட்டடத்துக்கும் சீனக் கைதிங்கதான் வேலை பாத்தாங்க, ஒரு புயல் ராத்திரி 12 பேர் எஸ்கேப். தேடிப்போன போலீஸ்ல 4 பேர மலபாருக்கு எறங்குற சிஸ்பாரா மலைப்பாதைல கொன்னுட்டு, உடம்ப வரிசையா படுக்க வெச்சு வெட்டுன தலைய அதது தோள் மேல பொருத்தி வெச்சுட்டு போயிருக்காங்க! ரெண்டு வாரம் கழிச்சு மலபார்ல மாட்டுனாங்க. ஆனா எல்லாரும் அப்படி இல்ல, விடுதலையான சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல தமிழ்ப் பொண்ணுங்கள கட்டிக்கிட்டு காய்கறி, காபின்னு பொழச்சாங்க.

லைன்வீட்டுப்_பேரன்:
இப்ப இருக்கிற ஊர பத்தி யாருமே சொல்லலையே. ஜாவால டச்சுக்காரன் சின்கோனாவ குமிச்சு வெல எறங்கிருச்சு, பின்னாடி தேயிலை வந்துச்சு. 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து திருப்பி அனுப்புனவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968ல டேன்டீங்கிற அரசு தேயிலைத் தோட்டத்த கவர்மெண்ட் ஆரம்பிச்சது. எங்க தாத்தா கண்டில இருந்து ஒரு தகரப்பொட்டி, ரெண்டு கம்பளியோட வந்தவரு, தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்து கத்தி பிடிச்ச கை கடைசி வரைக்கும் முழுசா விரியாது. ஜெயில பாத்தா "நமக்கு முன்னாடியே வந்தவய்ங்க"ம்பாரு.

மழைப்பயணி:
அடேங்கப்பா. அடுத்த மாசம் மறுபடி போறேன், உள்ள போய் நிதானமா பாக்கணும்.

கூடலூரான்:
அடுத்த மாசமா? ஜூலை ப்ரோ, குடை தாங்காது, ரெயின்கோட்டு எடுத்துக்கங்க. அட்டைக்கு உப்பும்.