புதுச்சேரிக் கடைக்கு முறுக்கு கொடுக்க எந்த வரி எண் வேண்டும்?

முறுக்குக்காரி, கடலூர்:
வீட்டிலேயே முறுக்கும் அப்பளமும் போட்டு விற்கிறேன். வருஷத்துக்கு ஆறு லட்சம் வந்தால் பெரிது. புதுச்சேரியில் ஒரு கடைக்காரர் மாதம் 100 கிலோ முறுக்கு கேட்கிறார். அவர் கொடுத்த படிவத்தில் 'டின் நம்பர்' என்று ஒரு கட்டம். ஏஜென்ட் ஒருவர் 4,000 ரூபாய்க்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். என்னிடம் பான் கார்டு மட்டும்தான் இருக்கிறது. தொழிலுக்குத் தனி பான் வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
முதலில் அந்த 4,000-ஐ கையிலேயே வைத்திருங்கள். டின் என்பது ஜிஎஸ்டிக்கு முன்பிருந்த வாட் என்ற விற்பனை வரி காலத்து 11 இலக்க எண். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதே உங்கள் மாதிரி வியாபாரத்துக்கு அது முடிந்துபோனது. படிவத்தைத்தான் யாரும் மாற்றவில்லை. தனி ஆளாக நடத்தினால் உங்கள் பானே தொழிலுக்கும் பான். கூட்டாளி சேர்த்து நிறுவனமாக்கினால்தான் தனி பான். கடைக்காரர் கேட்பது ஜிஎஸ்டி எண்ணாக இருக்கும்.

தெருமுனை:
வருஷ விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டியே வேண்டாமே. பான் எண்ணை எழுதிக் கொடுங்கள் அக்கா.

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் சிக்கல் தம்பி. அந்த 40 லட்சம் மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்கு. கடலூரிலிருந்து புதுச்சேரி பக்கத்து ஊர்தான், ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் வெளிமாநிலம். வரி உள்ள பொருள் எல்லை தாண்டினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். அப்பளம் மட்டும் விற்றால் இந்தத் தலைவலியே இல்லை, அதற்கு வரி கிடையாது. முறுக்குக்கு உண்டு!

முறுக்குக்காரி, கடலூர்:
ஐயோ. பதிவுக்கு முகவரி காட்ட, வீடு மாமனார் பெயரில் இருக்கிறதே? சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் வரி 1 சதவீதம்தானாமே?

கணக்குப்பிள்ளை:
காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது, உங்களுக்கு ஆகாது. வீட்டுக்கு மாமனாரின் ஒப்புதல் கடிதமும் அவர் பெயரில் உள்ள கரண்ட் பில்லும் வையுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், அரசுக் கட்டணம் எதுவும் இல்லை. அதற்கு முன்னால் பானிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. வரும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 33, அது தமிழ்நாடு. அடுத்த பத்தும் உங்கள் பான்தான். அப்புறம், விற்பனை இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன், அதாவது வரிக் கணக்கு, போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம்.

முறுக்குக்காரி, கடலூர்:
பார்த்தேன் சார். பானில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வெறும் இனிஷியல். திருத்தக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் தீபாவளிக்கு முன்னால் எண் வந்தால் போதும் என்றார்.