பச்சைக் குப்பாவுக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

கடற்கரைத் தெரு:
நாகூர் தர்காவின் கந்தூரி (ஆண்டு விழா) கொடியேற்றப் படத்தை நேற்று இங்கே போட்டேன். அதன் கீழே ரியாத்வாசி ஒரு வரி எழுதினார்: "தர்காவுக்குப் போகும் இமாமின் பின்னால் நின்று தொழுதால் தொழுகை கூடாது." எங்கள் ஊரில் பாதிப் பேரின் தொழுகையை ஒரே வரியில் ரத்து செய்துவிட்டார்! கபுர்களை (அடக்கத் தலங்களை) சந்திக்க முன்பு தடுத்திருந்தேன், இனி சந்தியுங்கள் என்று நபிகளார் சொன்ன ஹதீஸ் 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ரியாத்தில் கிடைக்கவில்லையோ?

ரியாத்வாசி:
நானா (அண்ணா), ஜியாரத்தை, அதாவது கபுரைச் சந்திப்பதை, யார் தடுத்தது? மையவாடிக்கு (இடுகாட்டுக்கு) போங்கள், மௌத்தை (மரணத்தை) நினைத்து அழுதுவிட்டு வாருங்கள். சந்தனம் பூசி, போர்வை போர்த்தி, "எஜமானே பிள்ளை கொடுங்கள்" என்று அங்கே அடங்கியிருக்கும் பெரியவரிடம் கேட்பது ஜியாரத்தா? கபுரைப் பூசக் கூடாது, அதன் மேல் கட்டக் கூடாது என்பதும் அதே முஸ்லிமில்தான். உயர்ந்த கபுர் எதையும் மட்டமாக்காமல் விடாதே என்று அலி (ரலி) அறிவிப்பதும் அங்கேதான். உங்கள் கிதாபில் அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டதா?

கடற்கரைத் தெரு:
கட்டக் கூடாது. சரி. மதீனாவில் பச்சைக் குப்பாவை, அந்தக் குவிமாடத்தை, கட்டியது யார்? 1279இல் மம்லூக் சுல்தான் கலாவூன். அதன் கீழே இருப்பது யாருடைய கபுர்? பதில்?

ரியாத்வாசி:
பழைய பாட்டு. நபிகளாரை அவர் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் அடக்கினார்கள். அறை முதலில் இருந்தது, கபுர் பிறகு வந்தது. கபுர் மேல் யாரும் கட்டவில்லை.

கடற்கரைத் தெரு:
நான் அறையையா கேட்டேன்? குப்பாவைக் கேட்டேன். நபிகளார் மறைந்து அறுநூறு வருடங்களுக்கு மேல் கழித்து வந்த குப்பா.

ரியாத்வாசி:
அதுவும் பித்அத்துதான், மார்க்கத்தில் பின்னால் புகுத்தியது. சுல்தான் செய்ததெல்லாம் மார்க்கம் ஆகாது. கை வைத்தால் ஃபித்னா (குழப்பம்) வரும் என்று சவூதி ஆட்சியாளர்கள் விட்டுவைத்திருக்கிறார்கள்.

கடற்கரைத் தெரு:
அப்படியா! மதீனா மையவாடியான ஜன்னத்துல் பகீயில் 1806இலும் அப்புறம் 1920களிலும் நபிகளார் குடும்பத்தாரின் கபுர்கள் மேல் இருந்த குப்பாக்களை இடித்தார்களே, அப்போது எங்கே போனது அந்த ஃபித்னா பயம்? பக்கத்திலேயே இருந்த பச்சைக் குப்பா மட்டும் எப்படித் தப்பியது?

கீழக்கரை மரைக்கான்:
இரண்டு காக்காமார்களுக்கும் (அண்ணன்மார்களுக்கும்) ஸலாம். ஜியாரத் வேறு, ஒருவரை முன்னிறுத்தி இறைவனிடம் கேட்கும் வஸீலா வேறு, அவ்லியாவிடமே (இறைநேசரிடமே) நேராகக் கேட்பது வேறு. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமே. மழைக்காக கலீஃபா உமர் (ரலி), நபிகளாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி துஆ (பிரார்த்தனை) கேட்டது புகாரி ஹதீஸ் தொகுப்பில் உள்ளது.

ரியாத்வாசி:
நன்றி மரைக்கான், எனக்கு வேலை மிச்சம். நபிகளாரின் கபுர் பக்கத்திலேயே இருந்தும் உமர் அங்கே போகவில்லை, உயிரோடு இருந்த அப்பாஸை அழைத்தார். முடிந்தது கதை.

கடற்கரைத் தெரு:
மரைக்கான், தப்பிக்க வழி தேடுகிறவருக்குக் கதவைத் திறந்துவிடாதீர்கள். குப்பா?

உப்பளம்:
வெளியாள் ஒரு வார்த்தை. நாகூரின் ஐந்து மினாராக்களில் உயரமானது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டியது, 131 அடி. கட்டக் கூடாது என்று அவரிடமல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

ரியாத்வாசி:
இதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள் பாருங்கள். இன்னொரு கூத்து: சிங்கப்பூரில் 1828இல் தொடங்கி 1830இல் ஒரு நாகூர் தர்கா கட்டி முடித்தார்கள். உள்ளே கபுரே கிடையாது! யாரை ஜியாரத் செய்தார்களாம்?

கடற்கரைத் தெரு:
கடல் கடந்து போன நம் ஆட்கள் நாகூர் எஜமானை நினைத்துக் கட்டியது அது. கபுர் இல்லை என்றால் உங்கள் ஹதீஸ்படி மட்டமாக்கவும் ஒன்றும் இல்லையே, சந்தோஷப்படுங்கள். குப்பாவுக்கு வாருங்கள்.

சுல்தானா லாத்தா:
தர்காவில் அதிகம் நிற்பது பெண்கள். அவர்கள் ஏன் அங்கே வருகிறார்கள் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

ரியாத்வாசி:
லாத்தா, அது தனித் தலைப்பு. நானாவுக்கு இவ்வளவு சூடு ஏன் என்று ஊருக்கே தெரியும். ஜமாஅத் தேர்தலில் எங்கள் ஆட்களிடம் தோற்றது இன்னும் ஆறவில்லை.

கடற்கரைத் தெரு:
நாலு ஓட்டில் ஜெயித்ததற்கு இந்த ஆட்டமா? போன கந்தூரிக்கு உங்கள் மச்சான் வீட்டுக்கு நெய்ச்சோற்றுச் சட்டி போனது, கழுவிக்கூட வரவில்லை. அது ஷிர்க் (இறைவனுக்கு இணைவைத்த) சோறு இல்லையா? கபுர் ஜியாரத்துக்காகப் பயணம் போவதைத் தடுத்து ஃபத்வா சொன்ன உங்கள் மார்க்க அறிஞர் இப்னு தைமிய்யாவை அன்றைய காழிகளே (நீதிபதிகளே) ஏற்கவில்லை. டமாஸ்கஸ் கோட்டைச் சிறையில் 1328இல் மௌத்தானார்.

ரியாத்வாசி:
சிறையில் போட்டால் பொய்யன் ஆகிவிடுவாரா? யூசுஃப் நபியும் சிறையில் இருந்தவர்தான். மச்சான் வீட்டை இழுக்காதீர்கள், அவர் இதைப் படிக்கிறார்.

கடற்கரைத் தெரு:
படிக்கட்டும். சட்டியையும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். குப்பா என்ன ஆச்சு?

ரியாத்வாசி:
முன்பே சொல்லிவிட்டேன், பித்அத்.

கடற்கரைத் தெரு:
அப்படியானால் உங்கள் ஊர் அரசாங்கத்துக்கு எழுதிப் போடுங்கள், அங்கேதானே இருக்கிறீர்கள். இகாமா (அங்கே தங்கும் அனுமதி) புதுப்பித்த பிறகு எழுதினாலும் சரி.